பழவேற்காடு பக்கம் குடும்பத்தோடு இரண்டு இரவு தங்க வீடு: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு வரும் சனி, ஞாயிறை ஒட்டி இரண்டு இரவு எங்காவது தங்கி வரலாம் என்று வீட்டில் பேச்சு. மொத்தம் எட்டுப் பேர். அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. அக்கா குடும்பம் வியாசர்பாடியிலிருந்து சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகள் மூவர், கடைக்குட்டிக்கு நான்கு வயது.

கடல் என்றாலே எல்லோரும் தெற்கே கைகாட்டுகிறார்கள். எங்கள் தெருவிலிருந்து கிளம்பி ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பதற்குள் பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள். அங்கே வார இறுதியில் கேட்கிற வாடகையும் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆனால் வடக்கே மீஞ்சூர் தாண்டினால் வயல், பொன்னேரி தாண்டினால் ஏரி, ஏரிக்கு அப்பால் கடல். இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு வடசென்னைக்காரர்கள் நாம் ஏன் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்?

எனக்குத் தெரிய வேண்டியது: அந்தப் பக்கம் குடும்பத்தோடு தங்கக்கூடிய தனி வீடு, தோட்ட வீடு கிடைக்குமா? கடலோரத்திலேயே தங்குவது நல்லதா, உள்ளே தள்ளித் தங்குவது நல்லதா? வயதானவரையும் சின்னக் குழந்தையையும் வைத்துக்கொண்டு என்னென்ன பார்க்கலாம்?

மீஞ்சூர்வாசி எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். உள்ளே தள்ளித் தங்குங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடல் ஓரத்தில் இருப்பவை மீனவர் குப்பங்கள். அங்கே மக்கள் வாழ்கிறார்கள், வலை காய்கிறது, கருவாடு காய்கிறது. சுற்றுலாவுக்காகக் கட்டிய இடங்கள் இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இரவு காற்று ஓயாது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையின் இருபுறமும் உள்ள கிராமங்களில் தோட்டத்தோடு கூடிய வீடுகள் வாடகைக்கு விடப்படுகின்றன. மாமரம், தென்னை, ஒரு பம்புசெட், சுற்றிலும் நெல். அங்கே படுக்கை, காலையில் ஏரி. இந்த ஏற்பாடுதான் குடும்பத்துக்குச் சரிப்படும்.

ஜனவரி என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. சம்பா அறுவடை அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். ஒரு வயலில் அறுவடை இயந்திரம் ஓடும், பக்கத்து வயலில் அடுத்த பருவமான நவரைக்கு நாற்று நடுவார்கள். இயந்திரத்தின் பின்னாலேயே கொக்குகள் நடந்துபோய்ப் பூச்சி பொறுக்கும். தண்டையார்பேட்டையில் வளரும் பிள்ளைக்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்று காட்ட இதைவிட நல்ல வாரம் கிடைக்காது.

வீடு பார்க்கும்போது தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே புகுந்துவிட்டது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. குளிக்கலாம், சமைக்க முடியாது, பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் எத்தனை தருவார்கள் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வண்ணை எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். வடக்கு நம் ஊர்தான், பாசம் எனக்கும் உண்டு. ஆனால் முதியவரும் குழந்தையும் வரும்போது பாசத்தை மட்டும் பார்க்கக் கூடாது. தெற்கே என்றால் ஐந்து நிமிடத்தில் மருந்துக்கடை, நல்ல உணவகம், உயிர் காப்பாளர் நிற்கும் நீச்சல் குளம். இங்கே மணலிப் புதுநகர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எண்ணூர் பக்கம் 2023 டிசம்பரில் மழை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே மாதக் கடைசியில் அமோனியா கசிவு வேறு. விடுமுறைக்குப் போகிறவர் அந்தக் காற்றையா சுவாசிக்க வேண்டும்?

மீஞ்சூர்வாசி எழுதியது:

நண்பரே, எண்ணூரின் துயரம் பொய்யல்ல. அதை அனுபவிக்கிறவன் நான். ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் தோட்ட வீடு கட்டிக்கொண்டு ஓய்வெடுக்க வந்த இடம் எண்ணூர் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் தம்பி கேட்பது எண்ணூரை அல்ல. அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் ஓரிடத்தில் முடிந்துவிடுகின்றன. பொன்னேரிக்கு மேற்கிலும் வடக்கிலும் இன்னும் விவசாயம்தான். தண்டையார்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மகாபலிபுரம் அதைவிடத் தூரம், நடுவில் நகரம் முழுவதும் குறுக்கே நிற்கிறது.

மருத்துவ வசதிக்குப் பொன்னேரியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதனால்தான் பொன்னேரிக்குப் பக்கத்தில் வீடு எடுக்கச் சொல்கிறேன்.

லாரிகளைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். விடியற்காலையில் கிளம்பினால் அந்தத் தொல்லை பாதி குறையும். அல்லது ரயிலில் வரலாம். கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை போகும் மின்சார ரயில்கள் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாவற்றிலும் நின்று பொன்னேரி வருகின்றன. பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு, ஆட்டோவும் உண்டு. ஆனால் படி ஏற முடியாத அம்மாவோடு என்றால் காரே மேல்.

கொருக்குப்பேட்டை அக்கா எழுதியது:

இதுவரை எழுதிய எல்லோரும் பறவை, வயல், சாலை என்று பேசுகிறீர்கள். சமையல் யார் செய்வது?

தோட்ட வீடு எடுத்துக்கொண்டு போனால் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். ஆண்கள் திண்ணையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். பிள்ளைகள் தொட்டியில் குதிப்பார்கள். பெண்கள் முன்பின் பழகாத அடுப்பில், எட்டுப் பேருக்குப் போதாத குக்கரில், மூன்று வேளை சமைப்பார்கள். நண்டு வாங்கி வந்து "இதை மட்டும் செய்துவிடு" என்று கொடுப்பார்கள். அதை உடைத்துக் கழுவிக் குழம்பு வைத்து முடிப்பதற்குள் சூரியன் மறைந்திருக்கும். ஏரியைப் பார்த்தாயா என்று கேட்டால், பாத்திரம் கழுவும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும். விடுமுறை யாருக்கு?

ஆகவே தம்பி, வீட்டைப் பதிவு செய்வதற்கு முன்னால் உங்கள் மனைவியையும் அக்காவையும் கேளுங்கள். ஊரில் சமைத்துக் கொடுக்கும் அம்மா யாராவது இருக்கிறாரா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அந்தக் கிராமங்களில் கேட்டால் கட்டாயம் இருப்பார்கள். அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். காலைச் சிற்றுண்டிக்குப் பொன்னேரியில் கடைகள் இருக்கின்றன. ஒருவேளையை ஆண்கள் சமைக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

அம்மாவுக்காக: மேற்கத்திய கழிப்பறை தரைத்தளத்திலேயே இருக்க வேண்டும். படுக்கை அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் முற்றம் இருக்கக் கூடாது. பனிக்காலத்தில் இரவில் எழுந்து போவது கஷ்டம். புகைப்படத்தில் இதெல்லாம் தெரியாது. வீட்டுக்காரரைப் போனில் வீடியோவாகக் காட்டச் சொல்லுங்கள், நடந்துகொண்டே காட்டச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இவர் எழுதியதை முதலில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்" என்றார். சமையலுக்கு ஆள் இல்லாத வீட்டை எடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது.

பிள்ளைகள் படகு, படகு என்று இப்போதே குதிக்கிறார்கள். பழவேற்காட்டில் படகுச் சவாரி போகலாமா?

ஏரிக்கரை எழுதியது:

நான் பழவேற்காட்டில் பிறந்தவன். இந்தக் கேள்விக்கு ஊர்க்காரன் யாராவது பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சென்னைப் பக்கத்திலிருந்து ஒரே குடும்பமாக வந்தவர்கள் ஒரு படகில் ஏறினார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. படகில் அளவுக்கு மீறி ஆள். உயிர்காப்புக் கவசம் இல்லை. உடல்களைக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் எங்கள் ஊர் மீனவர்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்கு இங்கே தடை வந்தது.

ஆனாலும் விடுமுறை நாட்களில் யாராவது வந்து "நூறு இருநூறு கூடத் தருகிறேன், ஒரு சுற்று அழைத்துப் போ" என்று கெஞ்சுகிறார்கள். கையில் காசில்லாத பையன் ஒருவன் ஒப்புக்கொள்கிறான். ஏரி பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். பெரும்பாலான இடங்களில் ஒரு ஆள் நின்றால் தலை தெரியும் ஆழம்தான். அந்த அமைதிதான் வெளியூர்க்காரரை ஏமாற்றுகிறது. முகத்துவாரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் தண்ணீர் ஆறு போல ஓடும். கீழே மணல் இன்று ஒரு பக்கம், நாளை இன்னொரு பக்கம். எங்கள் ஆட்களே பார்த்துத்தான் கடப்பார்கள். அரசு அனுமதியும் கவசமும் இல்லாத எந்தப் படகிலும் உங்கள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மன்றாடிக் கேட்கிறேன்.

கடலைப் பார்க்கப் படகு தேவையே இல்லை. ஊரிலிருந்து ஏரியின் மேல் பாலம் இருக்கிறது. காரிலேயே லைட் ஹவுஸ் குப்பம் போய்விடலாம். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஏரியும் படகுகளும் முழுக்கத் தெரியும். கடற்கரையில் கால் நனைக்கலாம், கடலுக்குள் இறங்கிக் குளிக்க வேண்டாம். அலை இழுக்கும். அங்கே காப்பாற்ற ஆள் நிற்பதில்லை.

காணும் பொங்கலை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. அன்றைக்கு எங்கள் ஊரில் நிற்க இடம் இருக்காது.

புள்நோக்கி எழுதியது:

ஜனவரி என்றதும் ஓடி வந்தேன். பழவேற்காடு ஏரிக்கு ஆண்டில் மிகச் சிறந்த மாதங்களில் ஒன்று அது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் நமக்கு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். மழை நின்றதும் நீர் மெல்ல வற்றி ஓரங்களில் சேறு தெரியத் தொடங்கும். அந்தச் சேறுதான் பறவைகளுக்குப் பந்தி.

பூநாரைகள் சாப்பிடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வருமாறு தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் உள்ள சல்லடைபோன்ற தட்டுகளில் சிறு உயிர்களும் பாசியும் தங்கிவிடும். உணவில் உள்ள நிறமிதான் இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் இருக்கும். கூட்டத்தில் சாம்பலாகத் தெரிபவை எவை என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள், நேரம் போவது தெரியாது.

இடம்: ஊருக்குள்ளிருந்து பார்ப்பதைவிட அண்ணாமலைச்சேரி மேல். ஏரியின் மேற்குக் கரையில் உள்ள கிராமம். கார் போகும். உங்கள் அம்மா காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். சூரியன் ஏரிக்கு எதிர்ப்புறம் கிழக்கில் எழுவதால் ஒளி முகத்தில் அடிக்கும். தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் மாலை நான்கு மணிக்கு மேல் இன்னொரு முறை போங்கள். அப்போது வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சிவப்பு இறகு பளிச்சென்று தெரியும்.

ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தால் சூலூர்பேட்டை போங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியின் நடுவிலேயே ஓடுகிறது. இருபுறமும் பறவைகள். இன்னும் வடக்கே நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். கடம்ப மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும், கிளைக்குக் கிளை கூடு. ஆனால் நான்கு வயதுக் குழந்தையோடு இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள்.

பறவைகளைப் பறக்க வைத்துப் படம் எடுக்கக் கல்லெறிகிறவர்களை இங்கே பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து உணவு தேடும் உயிரை ஒரு படத்துக்காக விரட்டுவது கொடுமை. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வடசென்னை ஆசிரியை எழுதியது:

முன்பணம் விஷயத்தில் கவனம் தேவை. சென்ற ஆண்டு நாங்கள் ஒரு தோட்ட வீட்டுக்கு முழுத் தொகையையும் முன்னதாகவே அனுப்பினோம். புயல் எச்சரிக்கை வந்தது. தேதியை மாற்றித் தரச் சொன்னோம். போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பணம் போனது போனதுதான். பெயர் சொல்ல விரும்பவில்லை.

ஒரு சிறு பகுதியை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். மழை, புயல், உடல்நலக் குறைவு என்றால் தேதி மாற்றுவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா, கொசு வலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வயலோர வீட்டில் அந்திப் பொழுதில் கதவைத் திறந்து வைத்தால் கொசு உள்ளே குடிவந்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடியோ சுற்றுச்சுவரோ இருக்கிறதா என்பதைப் போய் இறங்கியதும் முதல் வேலையாகப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தை, மறக்காதீர்கள்.

காசிமேட்டான் எழுதியது:

கொருக்குப்பேட்டை அக்கா சொன்னதற்கு முழு ஆதரவு. சமைக்க ஆள் இருக்கட்டும். ஆனால் மீன் வாங்குவதை நீங்களே செய்யுங்கள், பழவேற்காட்டுக்குப் போய்விட்டு மீன் வாங்காமல் வருவது பாவம்.

காலையில் வலைகள் வரும்போது கரையிலேயே ஏலம் நடக்கும். நம் காசிமேட்டில் விசைப்படகு மீன் பார்த்தே பழகியவர்களுக்கு இது வேறு. இங்கே ஏரி மீன்: மடவை, கொடுவா, கெளுத்தி, வெள்ளை இறால், சேற்று நண்டு. கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை உண்டல்லவா, அப்போதும்கூட ஏரி மீன் வந்துகொண்டிருக்கும்.

நண்டு வாங்கும் முறை: கொடுக்கு கயிற்றால் கட்டியிருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும், கண் அசைய வேண்டும். பின்னங்கால் சேரும் இடத்தில் அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்லாக இருந்தால் உள்ளே சதை நிறைந்திருக்கிறது. வளைந்து கொடுத்தால் ஓடு கழற்றிச் சில நாளே ஆன நண்டு; உடைத்தால் தண்ணீர்தான் வரும். எடையில் ஏமாந்துவிடுவீர்கள். வயிற்று மடல் குறுகலாக முக்கோணமாக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். மடலுக்கு வெளியே முட்டை தொங்கும் பெண் நண்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அடுத்த ஆண்டு நண்டு வேண்டுமல்லவா.

மடவை வாங்கினால் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருப்புத் தோலைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்து முழுவதும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதில் கொஞ்சம் தங்கினாலும் குழம்பு முழுக்கச் சேற்று வாடை. எடுத்துவிட்டால் மாங்காய் போட்ட மடவைக் குழம்புக்கு ஈடு கிடையாது, மறுநாள் இட்லிக்கு இன்னும் மேல்.

வாசகன் 63 எழுதியது:

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். யாரும் இன்னும் ஊரின் வரலாற்றைத் தொடவில்லை.

சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பழவேற்காடு. 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சென்னையில் ஆங்கிலேயர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அடி எடுத்து வைப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இது நடந்துவிட்டது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. துணி ஏற்றுமதி, நாணயச் சாலை, வெடிமருந்து ஆலை எல்லாம் பழவேற்காட்டில் இருந்தன. பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய நம் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பிய துறைமுகமும் அதுவே. மிளகும் துணியும் பற்றிப் பேசும்போது அந்த மனிதர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் அகழியின் தடமும்தான். டச்சுக் கல்லறை நன்றாக இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலிலேயே எலும்புக்கூடு செதுக்கிய கற்கள். உள்ளே கற்பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்தும் எவ்வளவு ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன என்றால், இன்றும் எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படிக்கலாம்.

அருகிலேயே செம்புறைக் கல்லில் எழுப்பிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில். அதில் விரல் அளவுக்குச் சின்னதாக இராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம். போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா ஆலயம். இவை எல்லாம் ஒரே ஊரில், ஒரு காலைப் பொழுதில்.

வடசென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய்தான் பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டு பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. விறகும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் அந்த வழியே பேசின் பாலம் வரை வந்தன. நம் வீடுகளின் பழைய சுவரில் பூசிய சுண்ணாம்பில் பழவேற்காட்டுக் கிளிஞ்சல் இருக்கக்கூடும். இன்று அந்தக் கால்வாயைச் சாக்கடையாகப் பார்க்கும் பிள்ளைகள், அது ஏரியில் சேரும் இடத்தையும் ஒருமுறை பார்க்கட்டும்.

பழைய வண்ணை எழுதியது:

ஐயா, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் நான்கு வயதுக் குழந்தையை எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைக்கு அழைத்துப் போக வேண்டுமா? இரவில் பயந்து அழும்.

வாசகன் 63 எழுதியது:

அந்தக் குழந்தை பாட்டியோடு காரில் இருக்கட்டும். பெரிய பிள்ளைகள் இருவரும் அப்பாவோடு உள்ளே போய் வரட்டும். அரை மணி நேரம் போதும்.

மீஞ்சூர்வாசி எழுதியது:

அம்மா கோயில் போகிறவரா தம்பி? வருகிற வழியில் மீஞ்சூருக்குப் பக்கத்தில் மேலூர் திருவுடையம்மன் இருக்கிறாள். திருவொற்றியூர் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன், மேலூர் திருவுடையம்மன் மூவரையும் பௌர்ணமியில் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் நம் பக்கத்து அம்மாக்களுக்குத் தெரியும். பொன்னேரியில் கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீஸ்வரரும். எதையும் திணிக்க வேண்டாம், அம்மாவிடமே கேளுங்கள். எங்கள் வீட்டில் முதியவர்களை அழைத்துப் போகும்போது அவர்கள் விரும்பிய ஓர் இடத்தைக் கட்டாயம் சேர்ப்போம். மற்றதெல்லாம் பிள்ளைகளுக்காக என்றாகிவிட்டால் அவர்கள் காரில் உட்கார்ந்தே நாளைக் கழிக்கிறார்கள், வாய்விட்டும் சொல்ல மாட்டார்கள்.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நானும் அக்கா கணவரும் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பொன்னேரியிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு தோட்ட வீடு பிடித்துவிட்டது. தரைத்தளத்திலேயே மூன்று அறை, வாசலில் ஒரே ஒரு படி. அதற்கும் சாய்தளப் பலகை போட்டுத் தருவதாக வீட்டுக்காரர் சொன்னார். கிணற்றுக்குக் கம்பி மூடி இருக்கிறது, அசைத்துப் பார்த்தேன், பூட்டும் இருக்கிறது. கேன் தண்ணீர் தருவார்கள். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் மதியமும் இரவும் சமைத்துத் தர ஒப்புக்கொண்டார். முன்பணம் சிறிதளவுதான், தேதி மாற்றலாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிட்டேன்.

அம்மாவிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். மேலூர் கோயில் என்றார். சற்று நேரம் கழித்து, ராக்கெட் விடும் இடம் அந்தப் பக்கம்தானே, அதைப் பார்க்க முடியுமா என்றார். சின்ன வயதில் தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து புகைக்கோடு பார்த்திருக்கிறாராம். இப்படி ஓர் ஆசை இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

புள்நோக்கி எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கம்! ஏவுதல் இருக்கும் நாளில்தான் பார்க்க முடியும். தேதியை இஸ்ரோ முன்னதாக அறிவிக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் அமர்ந்து பார்க்க மாடம் இருக்கிறது. முன்பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டை வேண்டும். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். முதலில் வெளிச்சம், சற்று நேரம் கழித்துத்தான் ஓசை வந்து சேரும். உங்கள் வீட்டுக்காரர் தேதி மாற்ற ஒப்புக்கொண்டிருப்பதால் அறிவிப்பு வந்ததும் அதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

ஏவுதல் நாளை ஒட்டி எங்கள் மீனவர்கள் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருக்கும். அன்று காலை ஏலத்தில் மீன் குறைவாக இருக்கும், அதற்கேற்பச் சமையல் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்ப்பீர்கள். வாயில் பற்றிய கூடையில் இறால் சேரும். அது வேடிக்கை அல்ல, அவர்களின் அன்றாடப் பிழைப்பு. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். இறால் வேண்டுமானால் கரை ஏறும்வரை காத்திருந்து அவர்களிடமே வாங்குங்கள், ஏலத்தை நாட வேண்டாம். அந்தக் காசு முழுவதும் அவர்கள் கையில் சேரும்.

ஊருக்குள் பெண்கள் பனை ஓலையில் கூடை, பெட்டி, விசிறி முடைகிறார்கள். மீன் வாங்கப் பிளாஸ்டிக் பை கொண்டு வராமல் முதல் நாளே ஒரு கூடை வாங்கிவிடுங்கள், இரண்டு நாளும் அதுவே போதும். வரும் தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நான் காலையில் இருப்பேன், ஏலம் நடக்கும் இடத்தைக் காட்டுகிறேன்.

கொருக்குப்பேட்டை அக்கா எழுதியது:

தம்பி, மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டிக்கு என்ன ஏற்பாடு? அதை இன்னும் எழுதவில்லையே.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது:

நானும் அக்கா கணவரும் உப்புமா செய்கிறோம் அக்கா. மனைவியும் அக்காவும் அப்போது அண்ணாமலைச்சேரியில் இருப்பார்கள்.